வைரல் லோடு ஜீரோ, ஆனா எச்ஐவி போகல: மாத்திரை எதை நிறுத்துது, எதை தொட முடியல

வைரல் லோடு டெஸ்ட் எடுத்தவங்க கைக்கு வர்ற ரிப்போர்ட்ல பல சமயம் "டார்கெட் நாட் டிடெக்டட்"னு ஒரு வரி இருக்கும், அதாவது தேடிப் பாத்தோம், கிடைக்கலன்னு அர்த்தம். வருஷக்கணக்கா பயந்துட்டு இருந்த ஒருத்தர் அத பாத்ததும் மனசுல முதல்ல வர்ற கேள்வி "அப்ப வைரஸ் போயிடுச்சுல்ல, இனிமே எதுக்கு மாத்திரை?"ங்கறதுதான். நியாயமான கேள்வி. இதுக்கு நடுவுல வருஷத்துக்கு ரெண்டே ஊசி, பேரு லெனகபாவிர், 2025 ஜூன்ல எச்ஐவி தொத்தாம தடுக்கறதுக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சதுன்னு செய்தி வந்துச்சு, அது "எச்ஐவிய குணமாக்கற ஊசி வந்தாச்சு"ன்னு மாறி ஃபார்வேர்ட் ஆகுது, ஏற்கனவே மாத்திரை எடுத்துட்டு இருக்கறவங்க அத நம்பி தடுமாறுறாங்க.

ரெண்டு குழப்பத்துக்கும் வேர் ஒண்ணுதான். எச்ஐவி மருந்துகள் எல்லாமே வைரஸ் புதுசா ஒரு செல்லுக்குள்ள பரவறத தடுக்கும், ஆனா ஏற்கனவே செல்லுக்குள்ள எழுதப்பட்ட வைரஸ அழிக்காது. எந்த மருந்தா இருந்தாலும் இதுதான் நிலைமை. அப்ப மருந்துக்கு மருந்து என்னதான் வித்தியாசம், எந்த மாத்திரை எடுத்தா உடம்புல மிச்சம் இருக்கற வைரஸ் குறையும், எதுல குறையாதுன்னு அடிப்படையில இருந்து பாப்போம்.

அந்த ரிப்போர்ட் உண்மையில என்ன சொல்லுது

வைரல் லோடுங்கறது ரத்தத்தோட நீர்ப்பகுதியில, அதாவது பிளாஸ்மாவுல, ஒரு மில்லிக்கு எத்தன வைரஸ் காப்பி மிதக்குதுங்கற கணக்கு. சாதாரண லேப் மெஷினுக்கு 20, 40, 50 காப்பின்னு ஒரு கீழ்வரம்பு இருக்கும், அதுக்கு கீழ போனா அதால எண்ண முடியாது. ஆராய்ச்சிக்கூடத்துல ஒரே ஒரு காப்பிய கூட எண்ணற நுட்பம் இருக்கு, அத வச்சு பாத்தா பல வருஷமா ஒழுங்கா மாத்திரை எடுக்கறவங்க ரத்தத்துலயும் மில்லிக்கு ஒண்ணு ரெண்டுன்னு வைரஸ் வந்துட்டுதான் இருக்கு.

இன்னொண்ணு, அந்த டெஸ்ட் ரத்தத்துல மிதக்கறத மட்டும்தான் பாக்குது. செல்லுக்குள்ள என்ன எழுதி வச்சிருக்குன்னு அது பாக்கறதில்ல, குடல்லயும் நெறிகட்டற இடங்கள்லயும் மண்ணீரல்லயும் இருக்கற செல்கள அது தொடறதே இல்ல.

இத சொல்றதால அந்த ரிப்போர்ட் பொய்யின்னு யாரும் எடுத்துக்க வேண்டாம். வைரல் லோடு கண்டுபிடிக்க முடியாத அளவுல நிக்கறவங்ககிட்ட இருந்து உடலுறவு வழியா துணைக்கு எச்ஐவி போகாதுங்கறது உறுதியான உண்மை. 2019-ல வெளிவந்த பார்ட்னர் 2 ஆய்வுல ஒருத்தருக்கு எச்ஐவி இருந்து இன்னொருத்தருக்கு இல்லாத 782 ஆண் ஜோடிகள பாத்தாங்க, காண்டம் இல்லாத உறவு சுமார் 76,000 தடவ, அதுல அந்த துணைகிட்ட இருந்து தொத்தினது ஒண்ணு கூட இல்ல. அதுக்கு முன்னாடி ஆண் பெண் ஜோடிகளயும் சேத்து நடந்த முதல் பார்ட்னர் ஆய்வுலயும் இதே பூஜ்ஜியம்தான். இந்த ஒரு விஷயம் எத்தன குடும்பத்துல நிம்மதிய கொண்டு வந்திருக்கும்னு நினைச்சாலே சந்தோஷமா இருக்கு. ஆக, ரிப்போர்ட் சொல்றது சரி. அது சொல்லாத பாதிதான் இந்த கட்டுரை.

ஒரு செல்லுக்குள்ள நடக்கறது

எச்ஐவி நம்ம ரத்தத்துல இருக்கற, நோய் எதிர்ப்பு வேலைய நடத்தற சிடி4 செல்லதான் முக்கியமா பிடிக்கும். படிப்படியா பாத்தா:

1. வைரஸ் செல்லோட மேல்தோல்ல இருக்கற சிடி4ங்கற கொக்கியையும், கூடவே சிசிஆர்5ங்கற இன்னொரு கொக்கியையும் பிடிச்சு உள்ள நுழையுது. சில வைரஸ் சிசிஆர்5-க்கு பதிலா வேற கொக்கிய பிடிக்கும்.

2. வைரஸோட மரபுப்பொருள் ஆர்என்ஏ. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ்ங்கற என்சைம் அத டிஎன்ஏவா மாத்தி எழுதுது. இந்த வேலை கேப்சிட்ங்கற கூம்பு மாதிரி ஒரு ஓட்டுக்குள்ள நடக்குது.

3. இன்டெக்ரேஸ்ங்கற என்சைம் அந்த டிஎன்ஏவ நம்ம செல்லோட சொந்த டிஎன்ஏவுக்குள்ள வெட்டி ஒட்டுது. ஒட்டினதுக்கு அப்புறம் அதுக்கு புரோவைரஸ்னு பேரு.

4. செல் வேல செய்ய ஆரம்பிச்சா தன்னோட மரபணுவ படிக்கற மாதிரியே இதையும் படிச்சு, வைரஸுக்கு தேவையான புரதங்கள தயாரிக்குது.

5. நீளமா வர்ற அந்த புரதத்த புரோட்டியேஸ்ங்கற என்சைம் சரியான இடத்துல வெட்டினாதான் வெளிய வந்த வைரஸ் முதிர்ந்து அடுத்த செல்ல தாக்கும்.

இதுல மூணாவது படியிலதான் எல்லா சிக்கலும் இருக்கு. மனுஷ டிஎன்ஏ ஒரு பிரதி சுமார் 300 கோடி எழுத்து, வைரஸோடது 10,000-க்கும் குறைவு. பழைய ஓலைச்சுவடியில யாரோ நடுவுல நாலு வரிய இடைச்செருகல் பண்ணிட்டா அதே எழுத்து, அதே ஓலை, எது மூலம் எது செருகினதுன்னு பிரிக்க முடியாம போகும்ல, அப்படித்தான் இதுவும். செருகின செல் தூங்கிட்டு இருந்தா புரதமும் வராது, வைரஸும் வராது, நம்ம நோய் எதிர்ப்பு சக்திக்கும் அது வெளியாள்னு தெரியாது, மருந்துக்கும் பிடிக்க அங்க ஒண்ணும் இருக்காது.

மருந்துகள் எங்க மறிக்குது

இப்ப மருந்து வகைகள இந்த படிகளோட பொருத்திப் பாருங்க. மாராவிராக் மாதிரி மருந்து முதல் படியில வாசலயே அடைக்குது. டெனோபோவிர், லாமிவுடின், பழைய ஜிடோவுடின், எபவிரென்ஸ், நெவிரபின் எல்லாம் ரெண்டாவது படியில. ரால்டெக்ராவிர், டோலுடெக்ராவிர் மூணாவது படியில இன்டெக்ரேஸ மறிக்குது. லோபினாவிர், அடாசனாவிர், டாருனாவிர் கடைசி படியில புரோட்டியேஸ மறிக்குது. லெனகபாவிர் அந்த கூம்பு ஓட்டயே குலைக்குது, அதனால ஒண்ணுக்கு மேற்பட்ட இடத்துல அடி விழுது.

கவனிச்சா ஒண்ணு புரியும். புரோட்டியேஸ் வகைய தவிர மத்த எல்லாம் முக்கியமா வேல செய்யறது வைரஸ் செல்லோட டிஎன்ஏவுக்குள்ள ஒட்டறதுக்கு முன்னாடி. புரோட்டியேஸ் மருந்து ஒட்டினதுக்கு அப்புறம் வேல செய்யுது, ஆனா அதுவும் செல்ல கொல்லாது, வெளிய வர்ற வைரஸ மலடாக்கும், அவ்வளவுதான். நாலாவது படிய, அதாவது ஒட்டின புரோவைரஸ செல் படிக்கறத, நிறுத்தற மருந்து இன்னிக்கு சிகிச்சையில ஒண்ணு கூட இல்ல. ஒட்டினத வெட்டி வெளிய எடுக்கற மாத்திரையும் இல்ல.

1996-ல வந்த நம்பிக்கை, 1997-ல தெரிஞ்ச உண்மை

1987-ல ஏஇசட்டின்னு சொல்ற ஜிடோவுடின் வந்துச்சு, ஒரே மருந்து, கொஞ்ச நாள்ல வைரஸ் அதுக்கு பழகிடும். 1996-ல மூணு மருந்து சேத்து குடுக்கற கூட்டு சிகிச்சை வந்தப்பதான் சாவு விகிதம் சடசடன்னு குறைஞ்சுது. ரத்தத்துல வைரஸ் விழற வேகத்த வச்சு டேவிட் ஹோவும் ஆலன் பெரல்சனும் கூட இருந்தவங்களும் 1997-ல ஒரு கணக்கு போட்டாங்க: வைரஸ தீவிரமா உற்பத்தி பண்ற செல் ஒண்ணு ரெண்டு நாள்ல சாகுது, இன்னொரு வகை செல் சில வாரத்துல சாகுது, அப்ப ரெண்டரை மூணு வருஷம் விடாம மருந்து குடுத்தா இந்த செல்கள் மொத்தமும் தீர்ந்துடும், வேற பதுங்கற இடம் எதுவும் இல்லன்னா வைரஸே போயிடும்னு.

அந்த "இல்லன்னா" பலிக்கல. அதே வருஷம் ராபர்ட் சிலிசியானோ, ஆன்டனி ஃபௌசி, டக்ளஸ் ரிச்மன் இவங்களோட மூணு குழுக்கள் தனித்தனியா ஒரே விஷயத்த கண்டுபிடிச்சாங்க: நல்லா மருந்து எடுத்து வைரல் லோடு தெரியாத அளவுக்கு போனவங்க உடம்புலயும், தூங்கிட்டு இருக்கற சிடி4 செல்கள எடுத்து லேப்ல உசுப்பி விட்டா உயிருள்ள வைரஸ் வெளிய வருது. இதுக்குத்தான் ரிசர்வாயர்னு பேரு, தமிழ்ல பதுங்கு கிடங்குன்னு வச்சுக்கலாம். அளவு ரொம்ப சின்னது, தூங்கற சிடி4 செல் பத்து லட்சத்துல ஒண்ணு அளவுக்குத்தான் லேப்ல உசுப்பினா வைரஸ் தருது. ஆனா அது பாதியா குறையவே சுமார் 44 மாசம் ஆகுதுன்னு அளந்தாங்க, அந்த வேகத்துல முழுசா தீர 70 வருஷத்துக்கு மேல ஆகும். ஆயுசுக்கும் மாத்திரைன்னு டாக்டர் சொல்றதுக்கு பின்னாடி இருக்கற கணக்கு இதுதான்.

கிடங்கு ஏன் காலியாக மாட்டேங்குது

சின்ன வயசுல அம்மை வந்தா திரும்ப வராததுக்கு ஒரு காரணம் நினைவு செல்கள், பல பத்து வருஷம் உயிரோட இருந்து பழைய எதிரிய ஞாபகம் வச்சிருக்கற செல்கள். எச்ஐவி போய் உக்காந்துக்கறது இந்த வகை செல்லுக்குள்ளதான். நம்மள காப்பாத்தறதுக்காக நீண்ட ஆயுளோட உருவான செல்லயே அது வீடாக்கிக்குது.

அதோட முடியல. நினைவு செல் சும்மா இருக்காது, ஒரு சளி காய்ச்சல் வந்தா, பழைய கிருமி ஒண்ணு எட்டிப் பாத்தா, தன்ன மாதிரியே நகல் எடுத்து பெருகும். 2014-ல வந்த ஆய்வுகள்ல பல செல்கள்ல வைரஸ் டிஎன்ஏவோட அதே இடத்துல, ஒரு எழுத்து கூட பிசகாம ஒட்டியிருக்கறத பாத்தாங்க. தனித்தனியா தொத்தியிருந்தா அப்படி ஒரே இடத்துல விழ வாய்ப்பே இல்ல. அதாவது ஒரு செல் தொத்து வாங்கி, அப்புறம் அந்த செல்லே நூறு ஆயிரம்னு பெருகியிருக்கு. சுவடிய படியெடுக்கும்போது இடைச்செருகலும் சேந்து படியாகற மாதிரி. இதுல வைரஸ் புதுசா எந்த செல்லயும் தாக்கல, வைரஸோட எந்த என்சைமும் வேல செய்யல, அதனால எந்த மாத்திரைக்கும் இதுல தடுக்க ஒண்ணும் இல்ல. ரத்தத்துல மில்லிக்கு ஒண்ணு ரெண்டுன்னு வர்ற வைரஸ் பெரும்பாலும் இந்த மாதிரி குலத்துல இருந்து அப்பப்ப முழிச்சுக்கற செல்கள் விடறதுதான்.

ஒரு நல்ல செய்தியும் இருக்கு. ஒட்டின புரோவைரஸ்ல 90 சதவீதத்துக்கு மேல உடைஞ்சது, பாதி அறுந்தது, எழுத்துப்பிழை நிறைஞ்சது, அதால புது வைரஸ் உண்டாக்க முடியாது. முழுசா இருக்கறது மட்டும்தான் ஆபத்து, அது சிகிச்சையோட முதல் ஏழு வருஷத்துல நாலு வருஷத்துக்கு ஒருக்கா பாதியாகற வேகத்துல குறையுது, அதுக்கு அப்புறம் ரொம்ப மெதுவாகிடுது. 20 வருஷத்துக்கு மேல மருந்து எடுத்தவங்கள பாத்த 2023 ஆய்வுல லேப்ல உசுப்பினா வைரஸ் தர்ற கிடங்கு குறையறதே நின்னு போயிருந்துச்சு. செல்லோட நகலெடுப்பு சாவ ஈடுகட்டிடுது.

மருந்த மாத்தினா கிடங்கு சுருங்குமா

"பழைய மருந்துல இருந்தேன், புதுசுக்கு மாத்திட்டாங்க, இதுலயாவது வைரஸ் சுத்தமா போகுமா?"ன்னு பலர் கேக்கறாங்க. இந்தியாவுல 2004 ஏப்ரல் 1-ல அரசு இலவச எச்ஐவி கூட்டு மருந்து சிகிச்சை, அதாவது ஏஆர்டி, தொடங்கினப்ப முதல் எட்டு இடங்கள்ல தாம்பரம் நெஞ்சக மருத்துவமனையும் ஒண்ணு. அப்ப ஆரம்பிச்ச ஒருத்தர் ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின்ல தொடங்கி, கன்னம் ஒட்டிப் போய் கால் எரிச்சல் வந்து ஸ்டாவுடின விட்டு, டெனோபோவிர் எபவிரென்ஸுக்கு மாறி, இப்ப டிஎல்டிங்கற ஒத்த மாத்திரையில இருப்பாங்க. மூணு தலைமுறை மருந்து. ஒவ்வொண்ணா என்ன வித்தியாசம்னு பாப்போம்.

1. வேகம் நிஜமாவே வேற. டிஎல்டின்னா டெனோபோவிர் 300 மில்லிகிராம், லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50. சிங்கிள்னு ஒரு ஆய்வு, 2013-ல வெளியானது, அதுல டோலுடெக்ராவிர் கூட்டு எடுத்தவங்க வைரல் லோடு 50-க்கு கீழ வர நடு அளவுல 28 நாள் ஆச்சு, எபவிரென்ஸ் கூட்டுக்கு 84 நாள். கர்ப்பமா இருக்கற நேரத்துல லேட்டா எச்ஐவி தெரியவந்த ஒரு பொண்ணுக்கு இந்த எட்டு வார வித்தியாசம் குழந்தையோட வாழ்க்கையவே தீர்மானிக்கும். ஆனா ரத்தத்துல வைரஸ் சீக்கிரம் விழறதும் கிடங்கு சீக்கிரம் காலியாகறதும் ஒண்ணு இல்ல.

2. மருந்து கூட்டிப் பாத்தாங்க. மூணு மருந்துல நல்லா இருக்கறவங்களுக்கு நாலாவதா ரால்டெக்ராவிர், இல்ல ஒரு புரோட்டியேஸ் மருந்து, இல்ல வாசல அடைக்கற ஊசி மருந்து என்ஃபுவிர்டைட்னு சேத்து, அந்த மில்லிக்கு ஒண்ணு ரெண்டு குறையுதான்னு பாத்தாங்க. குறையல. வைரஸ் இன்னும் கொஞ்சம் கொஞ்சமா பரவிட்டு இருந்திருந்தா கூடுதல் மருந்து அத குறைச்சிருக்கணும்.

3. குறைச்சும் பாத்தாங்க. ஜெமினின்னு பேர் வச்ச ஆய்வுகள்ல டோலுடெக்ராவிரும் லாமிவுடினும் மட்டும் ரெண்டு மருந்தா குடுத்தாங்க, மூணு மருந்துக்கு சமமா வைரல் லோட அடக்கி வச்சுது. ஆனா டோலுடெக்ராவிர் ஒத்த மருந்தா குடுத்த ஆய்வுல வைரஸ் பழகிப்போய் எதிர்ப்பு வந்துச்சு, பாதியில நிறுத்தினாங்க. ஆக, போதுமான மருந்துன்னு ஒரு கோடு இருக்கு, அத தாண்டினா மேல மேல சேத்து பிரயோசனம் இல்ல, அதுக்கு கீழ போனா ஆபத்து.

4. ஒரு விதிவிலக்கு மாதிரி தெரிஞ்சது. 2010-ல வந்த ஒரு ஆய்வுல ரால்டெக்ராவிர் சேத்தவங்கள்ல பத்துல மூணு பேர் அளவுக்கு செல்லுக்குள்ள வைரஸ் டிஎன்ஏ வளையம் வளையமா கூடிச்சு. இன்டெக்ரேஸ அடைச்சா உள்ள ஒட்ட முடியாத டிஎன்ஏ வாலும் தலையும் சேந்து வளையமாகும், அதனால வளையம் கூடினா வைரஸ் அந்த நேரத்துல புது செல்லுக்குள்ள போயிட்டு இருந்துச்சுன்னு அர்த்தம். இது புரோட்டியேஸ் மருந்து எடுத்தவங்ககிட்ட அதிகமா தெரிஞ்சுது. அந்த மருந்து ஒட்டறத தடுக்காது, ஒட்டினதுக்கு அப்புறம்தான் மறிக்குதுங்கறத இதோட சேத்து யோசிச்சா பொருந்தற மாதிரி இருக்கு.

5. நெறிகட்டற இடங்கள். 2014-ல நிணநீர் முடிச்சுலயும் குடல்லயும் மருந்தோட அளவ அளந்து பாத்தப்ப சில மருந்து ரத்தத்துல இருக்கறத விட அங்க கம்மியா இருந்துச்சு. அதனால அங்க வைரஸ் ரகசியமா பரவுதுன்னு ஒரு தரப்பு சொல்லுது. இன்னொரு தரப்பு கேக்கற கேள்வி எனக்கு வலுவா படுது: அரைகுறை மருந்துல வைரஸ் பரவினா எதிர்ப்பு மாற்றம் கட்டாயம் வரணும், ஆனா 15, 20 வருஷம் வைரல் லோடு அடங்கி இருக்கறவங்ககிட்ட அப்படி வர்றதில்லயே, ஏன்?

இதெல்லாம் சேத்து வச்சு பாத்தா என் கணிப்பு இதுதான்: வேல செய்யற எந்த கூட்டு மருந்தும் கிட்டத்தட்ட ஒரே கிடங்கத்தான் மிச்சம் வைக்குது. பேர் மாறறதால கிடங்கு மாறாது. ஆனா மருந்து தேர்வுக்கு இன்னொரு பக்கம் பெரிய அர்த்தம் இருக்கு, அத அதிகம் யாரும் சொல்றதில்ல.

கிடங்கு ஒரு பழைய ரெக்கார்டு ரூமும் கூட

எபவிரென்ஸ், நெவிரபின் எடுக்கறப்ப வைரஸ் ஒரே ஒரு எழுத்த மாத்திக்கிட்டா போதும், மருந்து தோத்துடும். லாமிவுடினுக்கும் அப்படித்தான். டோலுடெக்ராவிர தோக்கடிக்க வைரஸ் ரொம்ப கஷ்டப்படணும், உலக சுகாதார நிறுவனம் 2019-ல எல்லாருக்கும் முதல் வரிசை மருந்தா அத சொன்னதுக்கு இது முக்கிய காரணம்.

இப்ப பாருங்க, மாத்திரை விட்டு விட்டு எடுத்த காலத்துல எதிர்ப்பு வந்த வைரஸ் ஒண்ணு உருவாகியிருந்தா, அதுவும் ஒரு நினைவு செல்லுக்குள்ள போய் ஒட்டிக்கும். அப்புறம் மருந்து மாத்தி வைரல் லோடு ஜீரோவானாலும் அந்த பிரதி ரெக்கார்டு ரூம்ல பழைய ஃபைல் மாதிரி ஆயுசுக்கும் இருக்கும். பத்து வருஷம் கழிச்சு அதே பழைய மருந்துக்கு திரும்பினா அந்த ஃபைல் தூசி தட்டி எழுந்துக்கும். அதனாலதான் டாக்டர் "முன்னாடி என்னென்ன மருந்து எடுத்தீங்க, எப்ப விட்டீங்க?"ன்னு தோண்டி தோண்டி கேக்கறாங்க. பழைய புக்லெட்ட தூக்கிப் போட்டுடாதீங்க.

ஆக மருந்துக்கு மருந்து கிடங்கோட அளவு மாறாட்டியும் கிடங்குல என்ன மாதிரி வைரஸ் சேருதுங்கறது மாறும்.

எந்த மருந்துங்கறத விட எப்ப ஆரம்பிச்சோம்ங்கறது

கிடங்கோட அளவ நிஜமா மாத்தற ஒரு விஷயம் சீக்கிரம் ஆரம்பிக்கறது. தொத்தின சில வாரத்துல மருந்து ஆரம்பிச்சவங்ககிட்ட கிடங்கு சின்னதாவும், வைரஸ் வகை குறைவாவும் இருக்கு. பிரான்ஸ்ல விஸ்கான்டி ஆய்வுல, தொத்தின பத்து வாரத்துக்குள்ள ஆரம்பிச்சு சில வருஷம் எடுத்து நிறுத்தின 14 பேர் பல வருஷம் மருந்தில்லாம வைரஸ கட்டுப்பாட்டுல வச்சிருந்தாங்கன்னு 2013-ல செய்தி வந்தப்ப உலகமே திரும்பிப் பாத்துச்சு.

ஆனா எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிச்சா கிடங்கே உருவாகாது? குரங்குகள்ல தொத்து குடுத்து மூணே நாள்ல மருந்து ஆரம்பிச்சாங்க, ரத்தத்துல வைரஸ் தெரியறதுக்கு முன்னாடியே. நிறுத்தினதும் வைரஸ் வந்துச்சு. தாய்லாந்துல தொத்தின முதல் ரெண்டு வாரம் மாதிரியான கட்டத்துலயே கண்டுபிடிச்சு மருந்து குடுத்த எட்டு பேர் கண்காணிப்போட நிறுத்திப் பாத்தாங்க, எட்டு பேருக்கும் வைரஸ் திரும்பிச்சு, நடு அளவுல 26 நாள். அமெரிக்காவுல மிசிசிப்பியில 2010-ல பொறந்த ஒரு குழந்தைக்கு 30 மணி நேரத்துல மருந்து ஆரம்பிச்சு, ஒன்றரை வயசு வாக்குல மருந்து நின்னு போய், 27 மாசம் வைரஸ் தெரியாம இருந்துச்சு. குணமாகிடுச்சுன்னே நினைச்சாங்க. 2014 ஜூலையில வைரஸ் திரும்ப வந்துச்சு. 27 மாசம் ஒரு சின்ன உடம்புல எங்கயோ ஒரு சில செல்லு தூங்கிட்டு இருந்திருக்கு, படிச்சப்ப மனசு ரொம்ப கஷ்டமா போச்சு.

கிடங்கு உருவாகறத தடுக்க முடியலன்னாலும் சீக்கிரம் ஆரம்பிக்கறதோட பலன் குறையல. 2015-ல ஸ்டார்ட் ஆய்வு, 4,685 பேர், சிடி4 செல் எண்ணிக்கை நல்லா இருக்கும்போதே ஆரம்பிச்சவங்களுக்கு கடுமையான நோயும் சாவும் 57 சதவீதம் குறைஞ்சுது. இந்தியாவுல 2017-ல இருந்து சிடி4 எவ்வளவா இருந்தாலும் பாசிட்டிவ்னு தெரிஞ்சதும் மருந்து குடுக்கறாங்க.

நிறுத்தினா என்ன ஆகும்

பெரும்பாலானவங்களுக்கு ரெண்டு மூணு வாரத்துல வைரஸ் திரும்பிடும். கிடங்குல எப்பவுமே யாராவது ஒரு செல் முழிச்சுக்கும், மருந்து இருந்தா அது விடற வைரஸ் அடுத்த செல்ல தாக்க முடியாம வீணா போகும், மருந்து இல்லன்னா அந்த ஒண்ணே போதும்.

சிடி4 நல்லா இருக்கறப்ப நிறுத்தி, குறைஞ்சா மறுபடி ஆரம்பிக்கலாமேன்னு 5,472 பேர வச்சு ஸ்மார்ட்னு ஒரு ஆய்வு நடந்துச்சு. நிறுத்தினவங்க பக்கம் சாவும் நோயும் ரெண்டு மடங்குக்கு மேல போனதால 2006 ஜனவரியில ஆள் சேக்கறதயே நிறுத்திட்டாங்க. எய்ட்ஸ் சம்பந்தப்பட்ட நோய் மட்டும் கூடல, இதயம், கிட்னி, கல்லீரல் பிரச்சினையும் கூடிச்சு.

எபவிரென்ஸ் இருக்கற கூட்டுல இன்னொரு வம்பு. மூணையும் ஒரே நாள்ல விட்டாலும் எபவிரென்ஸ் மட்டும் உடம்புல நாள்கணக்கா தங்கும், மத்தது போயிடும், அப்ப வைரஸுக்கு எதிர்ல ஒத்த மருந்து, எதிர்ப்பு வர சரியான சந்தர்ப்பம். ஹெபடைடிஸ் பி-யும் சேந்து இருக்கறவங்க டெனோபோவிர திடீர்னு விட்டா கல்லீரல் அழற்சி பலமா கிளம்பலாம்.

ஊசிங்க விஷயம்

ரெண்டு ஊசிய கலந்து குழப்பிக்கறாங்க. லெனகபாவிர் ஆறு மாசத்துக்கு ஒரு தடவ, இப்ப பேசப்படறது எச்ஐவி இல்லாதவங்களுக்கு தொத்தாம தடுக்கறதுக்கு. 2024-ல தென்னாப்பிரிக்காவுலயும் உகாண்டாவுலயும் இந்த ஊசி போட்ட 2,134 இளம்பெண்கள்ல ஒருத்தருக்கு கூட தொத்தல, அவ்வளவு பெரிய விஷயம். ஏற்கனவே எச்ஐவி இருக்கறவங்களுக்கு 2022-லயே அனுமதி கிடைச்சுது, ஆனா பல மருந்து தோத்துப் போனவங்களுக்கு, மத்த மருந்துகளோட சேத்து.

இன்னொண்ணு கபோடெக்ராவிரும் ரில்பிவிரினும் சேந்த ஊசி, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ, மாத்திரைக்கு பதிலா. தினமும் மாத்திரைய யாருக்கும் தெரியாம மறைச்சு சாப்பிட வேண்டியவங்களுக்கு இது பெரிய விடுதலை. ஆனா இதுவும் மாத்திரை செய்யற வேலயத்தான் செய்யுது, கிடங்க அழிக்காது. கூடவே ஒரு கவனம் வேணும்: ஊசிய நிறுத்தினா மருந்து ஒரு வருஷத்துக்கு மேல கூட கொஞ்சம் கொஞ்சமா உடம்புல கசிஞ்சுட்டு இருக்கும், அந்த அரைகுறை அளவுல வைரஸ் கிளம்பினா எதிர்ப்போட கிளம்பும். அதனால ஊசிய விடறவங்க உடனே மாத்திரைக்கு மாறியாகணும்.

டிஎல்டி எடுக்கறவங்க கவனிக்க வேண்டியது

மருந்து ரத்தத்துல சரியா இருந்தாதான் மேல சொன்னதெல்லாம் பலிக்கும். சுண்ணாம்புச்சத்து மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கு குடிக்கற ஜெல் இதெல்லாம் டோலுடெக்ராவிரோட சேத்து எடுத்தா (சுண்ணாம்பும் இரும்பும் வெறும் வயித்துல எடுத்தா) அத பிடிச்சு வச்சுக்கும், உடம்புல சரியா ஏறாது. டிஎல்டிய அதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி இல்ல ஆறு மணி நேரம் பின்னாடி எடுக்கணும், கர்ப்பிணிங்க இத கட்டாயம் கேட்டுத் தெரிஞ்சுக்கணும். டிபிக்கு ரிஃபாம்பிசின் எடுக்கறவங்களுக்கு டோலுடெக்ராவிர் ஒரு நாளைக்கு ரெண்டு தடவ வேணும், அதனால டிபி மருந்து ஆரம்பிச்சா ஏஆர்டி சென்டர்ல சொல்லியாகணும். சந்தேகம் இருந்தா 1097-க்கு போன் பண்ணலாம், இலவசம்.

அப்ப குணமாகவே முடியாதா

குணமானவங்க இருக்காங்க. முதல் ஆள் டிமோதி ரே பிரவுன், பெர்லின்ல ரத்தப்புற்றுக்காக 2007-ல எலும்பு மஜ்ஜை மாற்று பண்ணாங்க, குடுத்தவருக்கு சிசிஆர்5 கொக்கியே இல்லாத பிறவி மரபணு. லண்டன்ல ஆடம் காஸ்டிலெஹோ, அப்புறம் டியூசல்டார்ஃப், நியூயார்க்னு இன்னும் சிலர், மொத்தமா விரல் விட்டு எண்ணிடலாம். எல்லாருக்கும் புற்றுநோய்க்காகவே அந்த சிகிச்சை, அதுலயே உயிர் போற அபாயம் இருக்கு, மாத்திரையில நல்லா இருக்கற ஒருத்தருக்கு அத குடுக்க முடியாது.

தூங்கற செல்ல உசுப்பி விட்டு கொல்ற வழிய வோரினோஸ்டாட்ங்கற புற்றுநோய் மருந்த வச்சு 2012-ல பாத்தாங்க, வைரஸ் முழிச்சுது, ஆனா கிடங்கு குறையல, முழிச்ச செல்ல கொல்ல ஆள் இல்ல. எதிர்மாறா அத எழுந்துக்கவே விடாம நிரந்தரமா பூட்டி வைக்கற மருந்தும், வைரஸ அடையாளம் காணற ஆன்டிபாடிகளும் ஆராய்ச்சியில இருக்கு. இதுல எது பலிச்சுதுன்னு தெரிய கடைசியில ஒரே பரீட்சைதான், மாத்திரைய நிறுத்திப் பாக்கறது. அந்த ஆய்வுகள்ல அடிக்கடி, சில சமயம் வாராவாரம், ரத்தம் எடுப்பாங்க, வைரஸ் தலை காட்டி ஏறுதுன்னு தெரிஞ்சதும் மருந்த திரும்ப குடுப்பாங்க, துணைக்கு தொத்தாம இருக்க தனி ஏற்பாடு பண்ணுவாங்க. அதுல எதுவும் இல்லாம ஒரு ரிப்போர்ட்டோட கடைசி வரிய பாத்துட்டு வீட்ல நிறுத்தறவங்களுக்கு, வைரஸ் திரும்பினத சொல்றதுக்கு அடுத்த வைரல் லோடு டெஸ்ட் வரைக்கும் யாரும் இல்ல, அது ஆறு மாசமோ ஒரு வருஷமோ தள்ளி இருக்கும்.